முன்பின் தெரியாத வீடு

வேதாரண்யத்தை அடுத்த ஒரு கிராமத்தில், ஒரு வீட்டு வாசலில் நின்றுகொண்டு, ஊருக்கெல்லாம் வழிகாட்டவே பிறந்த இளம்பரிதி கேமராவைப் பார்த்து முழங்கினான்.

"தனியா ஊர் சுத்துறவங்க லாட்ஜுக்குப் போகாதீங்க. முன்பின் தெரியாத வீட்டுக் கதவைத் தட்டுங்க. டெல்டாக்காரங்க சோறு போடாம அனுப்ப மாட்டாங்க!"

தட்டினான். மலர்க்கொடி கதவைத் திறந்து கும்பிட்டாள்.

"வாங்க தம்பி, எந்த ஊரு?"

"சென்னைம்மா. பசிக்குது."

இலை போட்டுப் பரிமாறினாள். அவளுக்கு ஒரே கவலை, இவன் நாளைக்கும் இருப்பானா என்பதுதான்.

"இப்படி ஒரு சாம்பாரை ஆயுசுல சாப்பிட்டதில்ல!" என்று கேமராவிடம் உருகினான் இளம்பரிதி.

"நாளைக்கு எங்க வீட்டுக்காரருக்கு மொதல் திதி. இருந்துட்டுப் போங்க தம்பி."

"பாத்தீங்களா பாசத்தை! ஆனா நண்பர்களே, ஒரு வேளைக்கு மேல தங்கிடாதீங்க. அவங்களுக்குப் பாரமாயிடுவோம்."

இளம்பரிதி கேமராவை அணைத்ததும் மலர்க்கொடி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ சொல்லிக்குடுத்த மாதிரியே பேசிட்டேன்ல? இப்பவாவது இருடா. உங்கப்பனுக்கு நீதானே எள்ளும் தண்ணியும் இறைக்கணும்?"

"எப்படிம்மா முடியும்? நாளைக்குச் சுவாமிமலையில வேற ஒரு அம்மாவைப் பேசி வச்சிருக்கேன்."