மாடி வீட்டுத் தையல்காரம்மா

"ஏங்க, அந்தத் தையல்காரம்மா வீட்டுல என்னமோ சரியில்லை."

லிப்ட் பழுது பார்க்கும் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கணவன், ஷூ லேஸிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"என்ன சரியில்லை?"

"நேத்து பொண்ணு உங்ககிட்ட போன்ல கிசுகிசுத்தது என் காதுல விழுந்துச்சு. 'இன்னிக்கும் ஒண்ணும் ஆகலைப்பா'ன்னா. அப்படி என்ன ஆகணும் அங்க?"

"ஏதாவது விளையாட்டுக்குச் சொல்லியிருப்பா. நீ ஒண்ணு, எதை எடுத்தாலும் சந்தேகம்!"

கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு, தப்பித்தோம் பிழைத்தோம் என்று படியிறங்கிவிட்டான். அந்த அவசரமே அவளுக்கு உறுத்தியது.

மகளுக்குப் பன்னிரண்டு வயது. பள்ளி விட்டு அவள் வந்து சேர்ந்த பிறகும், பெற்றவர்கள் இருவரும் வீடு திரும்ப இருட்டிவிடும். பள்ளிக்கு எதிரிலிருந்த குழந்தைகள் காப்பகத்தில் சேர்த்துப் பார்த்தார்கள். "எல்லாம் மூக்கொழுகுற வாண்டுங்க. என்னையும் பாய் போட்டுத் தூங்கச் சொல்றாங்க" என்று முதல் நாளே பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். சரி, தனியாகவே இருக்கட்டும் என்று விட்டால், அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பாட்டுக் கேட்டதில் சமையலறைச் சுவரே கரியாகிப் போனது. வீட்டோடு ஒரு ஆளை வைக்கலாமா என்றதற்கு, "என்னைப் பார்த்துக்க ஆளா? நான் என்ன பால்குடியா?" என்று வானத்துக்கும் பூமிக்கும் குதித்தாள்.

வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்திலிருந்து பாதியில் ஓடிவந்து ஓடிவந்து, அம்மாவுக்கு அங்கே மதிப்பே போய்விட்டது. இனி இப்படி நடந்தால் வேறு வேலை பார்த்துக்கொள்ளும்படி மேலதிகாரி சொல்லிவிட்டார்.

அப்போதுதான் கணவன் மேல் மாடித் தையல்காரம்மாவிடம் பேசி ஏற்பாடு செய்தான். வீட்டிலேயே திரைச்சீலை தைப்பவர்; தனி ஆள். மகளை ஒரு நடை வெளியே அழைத்துப் போய் அவன் ஏதோ சொன்னான். அவ்வளவு ஆட்டம் போட்டவள், மறுபேச்சில்லாமல் தலையாட்டினாள்.

சந்தேகத்தின் முதல் புள்ளி அதுதான்.

"அங்க என்னடி பண்ணுவே?"

"சும்மாதான்மா."

"கதவைச் சாத்திக்குவீங்களா?"

"உள்பக்கம் தாழ்ப்பாள் மட்டும் போடவே கூடாது."

"யாரு சொன்னா?"

சட்டென்று வாயை மூடிக்கொண்டாள் மகள். விடுமுறை நாளில்கூட, "ஒரு எட்டு மேலே பார்த்துட்டு வந்துடறேன்" என்று ஓடினாள். கணவனைக் கேட்டால் மழுப்பினான்.

அன்று அம்மா அரை நாள் விடுப்புப் போட்டாள். பள்ளி விட்ட சிறிது நேரத்தில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் மாடியேறினாள்.

கதவு திறந்துதான் இருந்தது. கூடத்தில் தையல் இயந்திரம், மலைபோல் துணி. ஆளில்லை. எட்டிப் பார்த்தாள். குளியலறைக் கதவில் காதை ஒட்டவைத்தபடி மகள் நின்றிருந்தாள்!

தையல்காரம்மா வெளியே வந்தார். மகள் ஒன்றும் நடக்காதது போல நகர்ந்துகொண்டாள். பிறகு சமையலறைக்குப் போய், கொதிக்கும் வெந்நீர்ப் பாத்திரத்தைத் துணியால் பிடித்து இறக்கினாள். தரையில் சிதறிக் கிடந்த குண்டூசிகளை மண்டியிட்டுப் பொறுக்கினாள். வீட்டில் குடித்த டம்ளரைக்கூட எடுத்து வைக்காதவள்!

அதற்கு மேல் அம்மாவால் பொறுக்க முடியவில்லை.

"நல்லா இருக்குங்க நியாயம்! பார்த்துக்கச் சொல்லி விட்டா, என் பொண்ணை வேலைக்காரியாவே ஆக்கிட்டீங்களா?"

தையல்காரம்மா திகைத்துப்போனார். திகைப்பு தீர்ந்ததும் அவர் குரலும் உயர்ந்தது.

"நானா? அடுப்புப் பக்கம் என்னையே விட மாட்டேங்கிறா உங்க பொண்ணு! கத்திரிக்கோலை எடுத்தா பிடுங்கி வைக்கிறா. பாத்ரூம் போனா வாசல்ல காவல். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை 'தண்ணி குடிச்சீங்களா, தலை கிலை சுத்துதா'ன்னு விசாரணை. ஒரு தலைவலிகூட வந்து அறியாத உடம்பும்மா இது. உளவு பார்க்க அனுப்பியிருக்கீங்களோன்னு நானே உங்களைக் கேக்கறதா இருந்தேன்."

"நாங்க எதுக்கு உங்களை உளவு பார்க்கணும்?"

"அப்புறம் என்ன? உங்க வீட்டுக்காரர் வந்து, 'பொண்ணுக்குத் தனியா இருக்க பயம், சொன்னா ரோஷப்படுவா, கேக்காதீங்க, கூடவே வச்சுப் பார்த்துக்குங்க'ன்னு அப்படிக் கெஞ்சினார். பாவம், பயத்துலதான் என் பின்னாடியே சுத்துறான்னு நானும் பேசாம இருந்தேன்."

பயமா? இவளுக்கா? இருட்டில் மொட்டை மாடிக்குத் தனியாகப் போய்ப் பட்டம் எடுத்து வருகிறவள்! அம்மா மகளைத் திரும்பிப் பார்த்தாள். அவள் முகம் சிவந்திருந்தது. அம்மாவின் கையைப் பிடித்துத் தரதரவென்று படிக்கட்டுக்கு இழுத்து வந்தாள்.

"ஏம்மா இப்படிக் கத்தி மானத்தை வாங்கறே? தையல் அத்தைக்கு எவ்வளவு சங்கடம்!"

"மூடி மறைக்காம சொல்லு. உங்கப்பா உன்கிட்ட என்ன சொல்லி இங்க அனுப்பினார்?"

மகள் மேலே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அத்தைக்குத் திடீர் திடீர்னு மயக்கம் வருமாம்மா, வெளியே சொல்லிக்க மாட்டாங்களாம். பெரிய பொண்ணு, நீதான் கூட இருந்து பார்த்துக்கணும்னு அப்பா சொன்னார்." அவள் நெஞ்சை நிமிர்த்தினாள். "நான் வர ஆரம்பிச்சதுக்கு அப்புறம் ஒரு தடவைகூட அவங்களுக்கு மயக்கமே வரலை, தெரியுமா?"