பெட்ரோல் டேங்கில் ஒரு பெயர்

பிள்ளையில்லாத வீட்டு வாசலில் துருப்பிடித்த பைக் ஒன்று வந்து இறங்கினால் தெரு சும்மா இருக்குமா? "எட்டு வருஷம் கழிச்சு ஒண்ணு பொறந்திருக்கு, அதுவும் எழுந்து நிக்க மாட்டேங்குது" என்று சிரித்தது. குணசீலன் காதில் வாங்கவில்லை. பழைய சாமான் கடையில் பொறுக்கிய கார்புரேட்டர், யாரோ கழற்றிப் போட்ட சீட் என்று ஒட்டுப்போட்டே வண்டியை ஓட வைத்துவிட்டார். டேங்கில் மட்டும் 'வர்ஷினி' என்று எழுதியிருந்தது. சுரண்டி எடுக்கக் கூலி அதிகம் என்று அதன் மேலேயே கறுப்புப் பெயின்ட் அடித்தார். மறுநாள் காலையில் பெயர் மேலே வந்திருந்தது. மூன்று முறை அடித்தும் வந்தது.

"யாருங்க இவ?" என்றாள் மனைவி தவமணி, இடுப்பில் கைவைத்து.

"வித்தவரோட பொண்ணு. அந்தப் புள்ள தவறுனதுக்கு அப்புறம் அவரு வண்டியத் தொடவே இல்லையாம்."

நாலாவது தடவை அவர் பிரஷை எடுத்தபோது தவமணி அதைப் பிடுங்கிக்கொண்டாள். ஈரத்துணியால் டேங்கைத் துடைத்துவிட்டாள். மாலையில் இருவரும் கோயிலுக்குக் கிளம்பினார்கள். தெருமுக்கில் திரும்பும்போது பின்னாலிருந்து அவள் சொன்னாள்: "மெதுவாப் போங்க. முன்னாடி புள்ள உக்காந்திருக்கா."

குணசீலன் குனிந்து பார்க்கவில்லை. இடித்துவிடாமல் இருக்க, முழங்கைகளை மட்டும் கொஞ்சம் அகட்டிக்கொண்டார்.