பன்னிரண்டு வயசுப் பல்

"வாயைத் திற பாப்பா. இன்னும் நல்லா. ஆ-ன்னு சொல்லு."

டாக்டர் தேவநேசன் சின்னக் கண்ணாடியைச் சிறுமியின் வாய்க்குள் விட்டார். புதன்கிழமைதோறும் ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் பிடித்து ராஜபாளையம் வருவார். நூல் மில்லுக்கு வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு வெள்ளைக்காரன் சட்டப்படி பன்னிரண்டு வயது முடிந்ததா என்று பல்லைப் பார்த்துச் சீட்டு எழுதிக் கொடுப்பது அவர் வேலை. முடிந்தது என்று எழுதினால் அந்தப் பிள்ளைக்கு மறுநாளே பள்ளிக்கூடம் முடிந்தது.

"பேரென்ன?"

சிறுமி அம்மாவைப் பார்த்தாள்.

"முத்துப்பேச்சி, ஐயா" என்று முந்திக்கொண்டாள் இசக்கியம்மாள். "பன்னெண்டு முடிஞ்சு போச்சு. இவ அப்பா மில்லுலதான் வேலை பாக்காவ. நாளைக்கே சேத்துவிடணும்னு ஒத்தக்கால்ல நிக்காவ."

வாசலில் நின்ற மில் மேஸ்திரி வெற்றிலையை மென்றபடி தலையாட்டினார். சீட்டு கிடைத்த பிள்ளைகளைக் கையோடு கூட்டிப்போக வந்தவர் அவர்.

டாக்டர் கோரைப்பல்லையும் கடைவாயையும் பார்த்து முடித்தார். "கோரைப்பல் நாலும் இன்னும் பால்பல்லு. ஒண்ணுகூட ஆட ஆரம்பிக்கலை. பன்னெண்டு வயசுல முளைக்கிற கடைவாய்ப்பல்லு இருக்க வேண்டிய இடத்துல வெறும் ஈறுதான் இருக்கு. மிஞ்சிப்போனா ஒம்பது வயசு. மில் வேலைக்கு ஆகாது."

"ஒம்பதா!" இசக்கியம்மாளின் குரல் கூரை ஓட்டைத் தொட்டது. "பெத்தவ எனக்குத் தெரியாதா, நேத்து முளைச்ச பல்லுக்குத் தெரியுமா? ஆடிப்பூரத் தேரன்னைக்குப் பொறந்தவய்யா முத்துப்பேச்சி!"

"ஆண்டாள் தேரு வருஷா வருஷம் ஓடுதும்மா. எந்த வருஷத்துத் தேரு?"

மேஸ்திரி வெற்றிலையைத் துப்பிவிட்டு உள்ளே வந்தார். "பெத்தவளே சொல்லுதா. ஐயாவுக்கு எதுக்கு வம்பு? வெள்ளைக்காரன் புஸ்தகத்துல போட்டிருக்கது நம்ம ஊருப் பிள்ளைகளுக்குச் சரியா வருமா?"

கேட்கக்கூடாத ஆளிடம் கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்டுவிட்டார் மனிதர்.

"அதே சந்தேகம்தான்வே எனக்கும்!" டாக்டர் மேசை மேலிருந்த தடித்த நோட்டைத் தட்டினார். "மூணு வருஷமா ஊர் ஊராப் பள்ளிக்கூடம் ஏறி, ஒவ்வொரு பிள்ளை வாயையும் பாத்து இதுல வரைஞ்சு வச்சிருக்கேன். தேவதானம், தளவாய்புரம், இந்த ஊரு, எல்லாம் சேத்து ஆயிரத்துக்கு மேல ஆச்சு. ஒம்பது வயசுல ஒரு பிள்ளைக்குக்கூட அந்தக் கடைவாய்ப்பல்லு வரலை. மனுசன் வாய் பொய் சொல்லும், பல்லு சொல்லாது."

"மில்லுல கேட்டா நான் என்ன சொல்ல?"

"தேவநேசன் முடியாதுன்னுட்டான்னு சொல்லும்."

கோபத்தோடு கோபமாக, எதற்கும் இன்னொரு தடவை பார்த்துவிடுவோம் என்று டாக்டர் மறுபடி கண்ணாடியை விட்டார். மேல்வரிசை முன்பற்களுக்குப் பின்னால், அண்ணத்தை ஒட்டி, நெல்மணி போல ஒரு பல் கூடுதலாக முளைத்திருந்தது. அவர் கை அப்படியே நின்றது. சிறுமியைப் பார்த்தார். அவள் அம்மாவைப் பார்த்தார். இசக்கியம்மாள் கண்ணைத் தாழ்த்தவில்லை. இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு முறைத்தாள்.

"பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும்மா" என்றார் டாக்டர், குரல் இறங்கி.

"ஆமா, படிச்சுக் கலெக்டராகப் போறா!" அவள் மேஸ்திரிக்கும் கேட்கட்டும் என்று கத்தினாள். "முடியாதுன்னா வாயால சொன்னாப் பத்தாது. முத்துப்பேச்சிக்குப் பன்னெண்டு ஆகலைன்னு பேரு போட்டு எழுதி, முத்திரை குத்திக் குடுங்க. நான் கூட்டிட்டே வரலைன்னு இவ அப்பா என்னையப் போட்டு அடிக்கதுக்கா? மேஸ்திரி, நீரே சொல்லும், கூட்டிட்டு வந்தேனா இல்லையா?"

"வந்த, வந்த. யாரு இல்லைன்னா?" என்றார் மேஸ்திரி அலுப்போடு.

டாக்டர் நிதானமாக எழுதினார். எழுதியதை வாசித்தும் காட்டினார்: "முத்துப்பேச்சி. மில் வேலைக்கு வயது போதாது. இன்னும் மூன்று வருஷத்துக்கு இந்தப் பிள்ளையை அழைத்துவர வேண்டாம்." முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

இசக்கியம்மாள் சீட்டை வெடுக்கென்று வாங்கி முந்தியில் முடிந்துகொண்டு, சிறுமியைத் தரதரவென்று இழுத்துப்போனாள். தெருமுனை தாண்டும் வரை அவள் வசவு கேட்டது. "என்ன வாய்டா சாமி" என்று முனகிக்கொண்டே மேஸ்திரியும் வெறுங்கையோடு கிளம்பினார்.

கம்பவுண்டர் மைதீன் பிச்சை நோட்டைப் பிரித்துப் பேனாவை மையில் தொட்டார். "இந்தப் பிள்ளைக்கும் ஒரு பக்கம் போட்டுரவா ஐயா?"

"வேண்டாம். போன மாசம் இந்த ஊருப் பள்ளிக்கூடத்துல வரைஞ்சதுதான். நெல்லுப் பல்லு. தேடிப் பாரும்."

மைதீன் பிச்சை பக்கங்களைப் புரட்டினார். நெல்மணிப் பல்லோடு அச்சு அசலாய் அதே வாய். கீழே டாக்டரின் கையெழுத்தில், 'குருவம்மாள், மூன்றாம் வகுப்பு, வயது ஒன்பது' என்றிருந்தது.

"ஐயா, பேரு மாறியிருக்கே..."

"அடுத்த பக்கத்தையும் படியும்" என்றார் டாக்டர், கையைக் கழுவியபடி.

'குருவம்மாளின் அக்காள் முத்துப்பேச்சி, ஐந்தாம் வகுப்பு, படிப்பில் முதல், வயது பன்னிரண்டு. பன்னிரண்டு வயசுப் பல் நான்கும் முளைத்தாயிற்று.'