பம்பாய் முத்திரை

எழுபத்தொன்றாம் வருஷச் சண்டையில் அந்தப் போர்க்கப்பல் மூழ்கிவிட்டதாக ரேடியோவில் சொன்ன நாளிலிருந்து கிருபாபாய்க்குச் சரியான தூக்கமில்லை. அவள் புருஷன் ஜெபமணி அந்தக் கப்பலில்தான் இருந்தான்.

ஒரு வாரம் கழித்துத் தபால்காரர் சங்கரசுப்பு ஓர் உறையோடு வந்தார். அவள் கிட்டே வந்து முகவரியைப் பார்த்தாள்.

“எழுத்து அவருதுதான். எப்பப் போட்டது அண்ணாச்சி? கப்பல் முங்குறதுக்கு முன்னாலயா?”

சங்கரசுப்பு உறையை வெயிலில் சாய்த்துப் பார்த்தார்.

“எப்பவும் கப்பல் முத்திரைல்லா இருக்கும்? இதுல பம்பாய் முத்திரை இருக்கு. தேதியும் ரேடியோவுல சொன்னதுக்குப் பொறவு உள்ளது. ஆளு தப்பிச்சுக் கரைக்கு வந்துட்டாரும்மா!”

“நல்லாப் பாருங்க அண்ணாச்சி. முன்னாலயே எழுதுனத வேற யாராவது பொறவு போட்டிருக்கலாம்லா?”

“பிரிச்சுப் பாரேன், தெரிஞ்சிரும்.”

அவளால் முடியவில்லை. எதிர்வீட்டு ஏசுவடியாள்தான் வாங்கிப் பிரித்து வாசித்தாள்.

“ராத்திரியெல்லாம் கடல்ல மெதந்து பொழைச்சிருக்காரு. லீவு குடுத்துட்டாங்களாம். சனிக்கெழம வீட்டுக்கு வாராராம். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்!”

ஏசுவடியாள் அவளைக் கட்டிக்கொண்டாள். கிருபாபாய் விம்மி விம்மி அழுதாள். சங்கரசுப்புவுக்கும் கண் கலங்கிவிட்டது.

இருவரும் போனதும் கிருபாபாய் கதவைத் தாழிட்டாள். போன லீவில் ஜெபமணி முறித்த இடதுகை இன்னும் சரியாக மடங்கவில்லை. அந்தக் கையோடு துணிகளைப் பையில் திணித்தாள். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் எந்த ஊர் பஸ் முதலில் நின்றாலும் ஏறிவிடுவது என்று முடிவு செய்து, பின்வாசல் வழியாக இறங்கினாள்.