சத்தம் அவளுடையது

வம்சியின் கை அவள் கன்னத்துக்கு நாலு விரல் தள்ளிப் போயிற்று. லோகப்பிரியா முகத்தைத் திருப்பினாள். சத்தம் வரவில்லை.

“ஏழாவது தடவை” என்றாள் ரித்திகா. நாடகத்தை இயக்குகிறவள். “லோகு, அவன் கை உன்மேல படவே படாது. நீ திரும்பறப்ப கீழ உன் ரெண்டு கையால ஒரு கைதட்டு. அவ்வளவுதான். மேடையில அடி வாங்கறவதான் சத்தத்தைக் குடுக்கோணும். எத்தன தடவ சொல்றது?”

“அடின்னா சத்தம் வந்தே ஆகோணுங்களாக்கா?”

“பின்ன, மியூட்லயா அடிப்பாங்க?” என்றான் வம்சி. எல்லோரும் சிரித்தார்கள்.

நாளை மாலை நாடகம். காதலித்துக் கட்டியவனே கை நீட்டுகிற கதை. கல்யாணத்துக்குப் பிறகு லோகப்பிரியா மேடை ஏறப்போவது இதுதான் முதல் தடவை. இந்த வேஷத்துக்காக நாலு மாதம் சூலூரிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கிறாள்.

“இன்னொருக்கா பாப்பேன். வரலைன்னா ஷைமாவைப் போட்டுருவேன். அவளுக்கு வசனம் பூராத் தெரியும்.”

முன்வரிசையிலிருந்து மோகன்குமார் எழுந்தான். லோகப்பிரியாவின் கணவன். எல்லோருக்கும் தேங்காய் பன்னும் டீயும் வாங்கி வந்தவன் அவன்தான்.

“வையாதீங்க அம்மணி. நாங்களும் ஆறு வருசம் லவ் பண்ணிக் கட்டுனவங்கதான். எங்கூட்டுல சத்தமாப் பேசிக்கூடப் பழக்கமில்லீங்க. அடிக்கிற சத்தத்துக்கு அவ எங்க போவா?”

ரித்திகாவின் குரல் தணிந்துவிட்டது. “குடுத்து வெச்சவடி நீ.”

லோகப்பிரியா அவன் பக்கம் பார்க்கவில்லை. “இன்னொரு தடவைங்கக்கா.”

கை வந்தது. முகம் திரும்பியது.

பளார்!

சத்தம் கடைசிச் சுவர்வரை போய்த் திரும்பியது. தன்னுடையதுதானா என்று அவள் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டாள்.

“சூப்பருங்க்கா!” வம்சி கையை உயர்த்தி நீட்டினான். அவள் அதில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சிரித்தாள். வாய்விட்டு, நிறுத்தத் தெரியாமல் சிரித்தாள்.

“வேஷம் உனக்குத்தான், போ” என்றாள் ரித்திகா.

எல்லோரும் கைதட்டினார்கள். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் மோகன்குமார் தட்டிக்கொண்டிருந்தான்.

வீடு திரும்பும் வழியில், சிங்காநல்லூர் சிக்னலில் கார் நின்றது. வெயில் இன்னும் இறங்கவில்லை.

“அந்தப் பையன்கிட்ட அப்படி ஒரு சிரிப்பு” என்றான் மோகன்குமார். போனை எடுத்தான்.

“ரித்திகாங்களா? மோகனுங்க. நாளைக்கு லோகுவால வரமுடியாதுங்க. நீங்க அந்த ஷைமாப் புள்ளையவே போட்டுக்கோங்க… பல்வலிங்க. ஆமாங்க, இப்பத்தான் சொன்னா. அவளுக்கு எப்பவும் இப்படித்தானுங்க, விடிஞ்சா மூஞ்சி வீங்கிப்போயிரும்… அய்யோ, பரவால்லீங்க. நான் பாத்துக்கறனுங்க.”

போனை வைத்தான். பச்சை விளக்கு விழுந்தது.

லோகப்பிரியா தன் பக்கத்து ஜன்னல் கண்ணாடியை முழுக்க மேலே ஏற்றினாள்.