மேலே ஒட்டிய சீட்டு

“இந்தச் சீட்டு போலி” என்றார் டைலர்.

தபால்காரர் கண்ணாடிப் பெட்டியைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“உன்னைத்தான்யா கேக்கறேன். நேத்து வரைக்கும் இந்தத் தாள்ல சீட்டு கிடையாது. இன்னைக்கு எங்கிருந்து முளைச்சுது?”

“நான்தான் ஒட்டினேன்.”

டைலர் வாசலை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

நூறு வருஷத்துக்கு முன் நாடகக் கொட்டகைகளில் பார்வையாளர்களுக்குக் கொடுத்த நிகழ்ச்சித் தாள்களைச் சேர்க்கிற பைத்தியங்கள் அந்த ஊரில் ஆறு பேர். தபால்காரர் அதில் ஒருவர்; டைலர்தான் அவர்கள் சங்கத்துக்குச் செயலாளர். இத்தனை நாளும் அவர் கடையின் பின்னறையில், பட்டன் டப்பாக்களுக்கு நடுவேதான் சங்கம் கூடியது. இப்போது நூலகம் சொந்தமாக ஓர் அறை தருவதாகச் சொல்லியிருந்தது. அதற்காகத்தான் தாள்களை எல்லாம் இந்த நூலகக் கூடத்தில் பெட்டி பெட்டியாக வைத்திருந்தார்கள். எல்லாம் அசல்தான் என்று நிபுணர் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான்.

அவ்வளவுதானா? நிபுணருக்குப் பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. பக்கத்து ஊர்ச் சங்கத்தில் ஒரே ஒரு போலித் தாளைக் கண்டுபிடித்து, நாலு பேர் முன்னால் மானத்தை வாங்கிவிட்டார். அந்தச் சங்கம் அதோடு சரி.

அந்தக் காலத்தில் நடிகைக்கு உடம்பு முடியாமல் போனால், மாற்று ஆளின் பெயரைச் சின்னச் சீட்டில் அச்சடித்து, தாளில் இருக்கிற பெயர் மேல் ஒட்டிவிடுவார்கள். அப்படிச் சீட்டு ஒட்டிய தாள் லேசில் கிடைக்காது. கிடைத்தவருக்குக் கால் தரையில் பாவாது.

“எல்லாரும் உன் தாளையே பாக்கணும்னு இந்த வேலையா? டீத் தண்ணியில நனைச்சுப் பழசாக்கியிருக்கே. சாவியைக் கொடு.”

“பன்னெண்டு மணி வரைக்கும் விடுய்யா. அப்புறம் நானே உரிச்சுடறேன்.”

“அந்த ஆள் பதினோரு மணிக்கே வர்றாரு.”

“அவங்களும் பதினோரு மணிக்குத்தான் வர்றாங்க.”

“எவங்க?”

“முப்பது வருஷம் நான் கடுதாசி கொடுத்த வீட்டு அம்மா. கண்ணு மங்கிக்கிட்டே வருது. அவங்க...”

கதவு திறந்தது. அரை மணி நேரம் முன்னதாகவே வந்து நின்றார் நிபுணர். கையில் அந்தப் பூதக்கண்ணாடி.

“வாங்க சார்” என்று ஓடினார் டைலர். “அந்தக் கோடியிலிருந்து ஆரம்பிக்கலாமா சார்?”

“வாசல்ல இருந்தே பாக்கறேன். எனக்கு அதுதான் பழக்கம்.”

ஒவ்வொரு பெட்டியாகக் குனிந்து பார்த்தார். அவர் ஒரு மேஜை தாண்டினால் டைலருக்கு ஒரு படி வியர்வை. கேட்டால் நம் மேல் தப்பில்லை என்று சொல்லிவிட வேண்டியதுதான். ஒட்டினவன் பாடு, அவர் பாடு. இருபது வருஷ சிநேகிதம் பெரிதா, சங்கத்தின் மானம் பெரிதா?

அப்போதுதான் சக்கர நாற்காலி ஒன்று உள்ளே வந்தது. அதில் தொண்ணூறு வயது அம்மாள். தள்ளிக்கொண்டு வந்த மகளுக்கே அறுபது இருக்கும். தபால்காரர் அவர்களை நேரே அந்தப் பெட்டியிடம் அழைத்துப் போனார். நிபுணரும் சரியாக அங்கேதான் வந்து சேர்ந்தார்.

“எங்கம்மா அந்தக் கொட்டகையில துணி தைக்கறவங்க” என்றார் அம்மாள், யாருக்கென்று இல்லாமல். “கதாநாயகிக்குக் காய்ச்சல். வசனம் எல்லாம் கேட்டுக் கேட்டு அம்மாவுக்கு மனப்பாடம். அன்னைக்கு ஒரு நாள் அவங்கதான் மேடையேறினாங்க.”

“எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்லேருந்து இதையே சொல்றாங்க” என்று மகள் சங்கடமாகச் சிரித்தார்.

“பேர் போட்டிருக்கா பாருடி.”

மகள் குனிந்தார். சிரிப்பு நின்றுபோனது. “போட்டிருக்கும்மா.”

அம்மாளுக்கு அது போதவில்லை. “ஐயா, நீங்க இதுல பெரிய ஆளாமே. நிஜந்தானா பாத்துச் சொல்லுங்க. இவ என்னை நம்பினதே இல்ல.”

“பெட்டியைத் திறங்க” என்றார் நிபுணர்.

தபால்காரர் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துப் பெட்டியைத் திறந்தார். டைலர் தன்னைப் போலவே ஊசி பிடித்த அந்தத் தையல்காரப் பெண்ணை நினைத்துக்கொண்டார். தன்னை அறியாமலே முன்னால் வந்தார்.

“சார், அது சங்கத்தோட தாள். எதுவா இருந்தாலும் என்னைக் கேளுங்க.”

நிபுணர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தாளைக் கையில் எடுத்து, பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார். நேரம் போய்க்கொண்டே இருந்தது.

“நிஜந்தாம்மா. அன்னைக்கு நடிச்சது உங்கம்மாதான்.”

“கேட்டுக்கோ” என்றார் அம்மாள் மகளிடம். மகள் அம்மாவின் கையை ஒரு தடவை அழுத்திப் பிடித்துவிட்டு, நாற்காலியை மெதுவாக வெளியே தள்ளிக்கொண்டு போனார்.

கதவு சாத்தியதும் நிபுணர் தாளைத் தபால்காரரிடம் நீட்டினார். “நான் கை கழுவிட்டு வந்துதான் கையெழுத்துப் போடுவேன். அதுக்குள்ள இந்தச் சீட்டை உரிச்சுடுங்க. தாள் கிழியாம.”

டைலர் நிபுணரின் பக்கத்தில் வந்தார். “அப்போ... உங்களுக்குத் தெரிஞ்சுதா சார்?”

“பார்த்த உடனே தெரிஞ்சுது” என்றார் நிபுணர், குரலைத் தாழ்த்தி. “எங்கம்மா கடைசிக் காலத்துல அவங்க அப்பா பேரை ஒரு நாடகத் தாள்ல பாக்கணும்னு ஆசைப்பட்டாங்க. நான் ஒட்டின சீட்டு இதைவிடக் கோணல்.”