சொத்தையை மறைத்த டிஸ்க்

ஒரு மருத்துவமனையின் சர்வர் பெட்டிக்குள் மூத்ததும் இளையதுமாக இரண்டு டிஸ்க்குகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்துகொண்டு, நோயாளிகளின் எக்ஸ்ரே படங்களைக் காத்து வந்தன. கூடவே ஒரு கணிப்பு நிரலும் இருந்தது. முன்பு செத்துப்போன டிஸ்க்குகளின் கதைகளைப் படித்துப் படித்து, அடுத்து எது விழும் என்று முன்கூட்டியே சொல்வது அதன் வேலை. டிஸ்க்குகள் அதை ஜோசியர் என்றே கூப்பிட்டன.

காலைதோறும் ஜோசியர் உடம்பை விசாரிப்பார்.

"லேசா சூடு, ஐயா. நேத்து ஒரு படத்தை மறுபடி படிக்க வேண்டியதாச்சு" என்று இளையது ஒன்றுவிடாமல் ஒப்பிக்கும்.

மூத்ததற்கோ உள்ளே பல இடங்கள் சொத்தையாகிவிட்டிருந்தன. கழற்றி எறிந்துவிடுவார்களே என்ற பயத்தில், "கல்லு மாதிரி இருக்கேன்" என்று சொல்லி வந்தது. "தும்மினதையெல்லாம் எதுக்குடா சொல்றே, அசடு!" என்று இளையதைக் கேலியும் செய்தது.

கேட்டதை வைத்துத்தானே ஜோசியர் கணிக்க முடியும்? ஒருநாள் சர்வரைப் பராமரிப்பவர்களிடம் சொல்லிவிட்டார்: "அடுத்து விழப்போறது இளையவன். அவன்கிட்ட இருக்கிறதையெல்லாம் மூத்தவர்கிட்ட மாத்திட்டு, அவனைக் கழற்றிடுங்க."

படங்கள் வந்து இறங்கின. ஒரு குழந்தையின் நெஞ்சுப் படம் நேராகச் சொத்தையில் விழுந்து பாதி அழிந்தது. மூத்தது அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

"எல்லாம் பத்திரமா வந்துதா அண்ணே?" என்று இளையது கேட்டது. அதனிடம் அந்தப் படம் இன்னும் முழுசாக இருந்தது. இப்போது சொன்னாலும் போதும்.

மூத்தது அதன் பக்கம் திரும்பாமலே, "வந்துது தம்பி" என்றது.

இளையது நிம்மதியாகக் கழன்று போனது.